ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு முகம்!

குட்டீஸ், ஆதார் அட்டைக்குப் பதிவு செய்யப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் டைப் செய்துகொண்டிருப்பார். இந்தப் பக்கம் நீங்களும் அம்மாவும். உங்களைப் பார்த்தபடி இன்னொரு மானிட்டர் இருக்கும். அவர் டைப் செய்யச் செய்ய, உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அதிலும் வந்துகொண்டே இருக்கும். "சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க" என்பார். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உடனே சொல்லித் திருத்திவிடலாம். இல்லாவிட்டால் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று பிற்பாடு அலைய வேண்டும்!

மேஜையில் மானிட்டர் இரண்டு. கம்ப்யூட்டர் எத்தனை? ஒன்றே ஒன்றுதான்!

சூப்பர் மார்க்கெட் பில் போடும் இடத்திலும் பார்த்திருப்பீர்கள். கடைக்காரருக்கு ஒரு திரை, நமக்கு ஒரு திரை. 'அங்கெல்லாம் சரி, வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இப்படி வைக்கலாமா? வைத்தால் என்ன பிரயோஜனம்?' என்று கேட்கிறீர்களா? வாருங்கள், என் எதிர்வீட்டுக்குப் போகலாம்.

வியாழனும் சனியும் இடம் மாறிய கதை

எதிர்வீட்டில் ஓர் அக்கா, ஒரு தம்பி. அக்கா ஏழாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு. ஒரு சனிக்கிழமை காலை, அக்கா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"மாமா, திங்கட்கிழமை புராஜெக்ட் கொடுக்கணும். சூரியக் குடும்பம் பத்தி பத்துப் பக்கம். நாலு பக்கம் டைப் பண்ணிட்டேன். அப்பா பார்த்துட்டு, பாதி தப்புங்கறாரு!"

வாங்கிப் பார்த்தேன். 'வியாழன் சூரியனை ஒரு முறை சுற்றிவர சுமார் 29 ஆண்டுகள் ஆகும். சனி சுற்றிவர சுமார் 12 ஆண்டுகள் ஆகும்' என்று இருந்தது. தலைகீழ்! வியாழனுக்குத்தான் சுமார் 12 ஆண்டுகள். அதைவிடத் தொலைவில் இருக்கும் சனிக்குத்தான் சுமார் 29 ஆண்டுகள்.

"எப்படிம்மா மாத்திப் போட்டே?"

"ஆங்கிலப் பக்கத்தைத் திறந்தா திரை முழுசும் அதுதான் தெரியுது மாமா. நம்பரைப் படிச்சு மனசுல வச்சுக்கிட்டு, ஆல்ட் - டேப் அழுத்தி, தமிழ்ப் பக்கத்துக்கு வந்து டைப் பண்றேன். திரும்ப அங்கே, திரும்ப இங்கே... வழியிலேயே மாறிப்போச்சு!"

பாவம், அவள் சொன்னது நிஜம்தான். உள்ளங்கையில் தண்ணீரை ஏந்திக்கொண்டு அடுத்த அறைக்கு நடந்து பாருங்கள். கொஞ்சமாவது சிந்தும். ஒரு பக்கத்தில் படித்ததை மனதில் ஏந்திக்கொண்டு இன்னொரு பக்கத்துக்குப் போவதும் அப்படித்தான். ஒரு முறை, இரண்டு முறை சரியாக வரும். நாற்பது முறை போய் வந்தால் எங்காவது சிந்திவிடும்.

அப்போது அவள் அப்பா வந்தார். "சார், பரண்ல பழைய கம்ப்யூட்டரோட மானிட்டர் ஒண்ணு கிடக்கு. நாளைக்குப் பழைய சாமான்காரர்கிட்டே போட்டுடலாம்னு இருந்தேன். அது ஏதாவது உதவுமா?"

"போட்டுடாதீங்க சார்! அதுதான் இப்போ தேவை!" என்றேன்.

படம் எங்கே இருக்கிறது?

மானிட்டரை இறக்குவதற்குள் ஒரு விஷயம் தெரிந்துகொள்வோம். கம்ப்யூட்டரில் நாம் பார்க்கும் படம் மானிட்டருக்குள் உருவாவது இல்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் பகுதிதான் படத்தைத் தயாரிக்கிறது. மானிட்டர் அதை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

அந்தப் படம் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளிக்கும் 'பிக்ஸல்' என்று பெயர். சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று நிறங்களைக் கூட்டியும் குறைத்தும் கலந்தால் ஒரு புள்ளியின் நிறம் கிடைக்கிறது. இன்றைய வீட்டு மானிட்டர்கள் பலவற்றில் குறுக்காக 1,920 புள்ளிகள், மேலிருந்து கீழாக 1,080 வரிசைகள். பெருக்கிப் பாருங்கள்... 20,73,600 புள்ளிகள்! பெரும்பாலும் ஒரு விநாடிக்கு 60 முறை இந்தப் படம் மானிட்டருக்குப் போகிறது. அதாவது, ஒரே விநாடியில் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள்!

எதிர்வீட்டுப் பரணில் இருந்தது 17 அங்குல எல்.சி.டி. மானிட்டர். அதில் 1,280 புள்ளிகள், 1,024 வரிசைகள். மொத்தம் 13,10,720 புள்ளிகள். அதையும் மாட்டினால் கம்ப்யூட்டருக்கு வேலை கூடும். ஆனால், சாதாரண வேலைகளுக்கு இன்றைய கம்ப்யூட்டர்கள் இதைச் சுலபமாகச் சமாளித்துவிடும். இரண்டு திரைகளிலும் வேறு வேறு படத்தைக்கூட அனுப்பும்!

ஒயரில் வந்த வம்பு

மானிட்டரைத் துடைத்து மேஜையில் வைத்தோம். மின்சார ஒயரை மாட்டினோம். அடுத்து, படம் வரும் ஒயர். அங்கேதான் வந்தது வம்பு! பழைய மானிட்டரின் ஒயர், புதுக் கம்ப்யூட்டரில் எங்கேயும் நுழையவில்லை.

"இதுக்கு ஊசி ஊசியா பல்லு இருக்கு மாமா!" என்றான் தம்பி.

அந்தப் பற்களை எண்ணச் சொன்னேன். வரிசைக்கு 5, மூன்று வரிசை, மொத்தம் 15. அதன் பெயர் வி.ஜி.ஏ. 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. பல வருடங்கள் உலகம் முழுக்க இதுதான் ராஜா. இப்போது வரும் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஹெச்.டி.எம்.ஐ. இருக்கிறது. இதில் 19 இணைப்புகள். 2002-இல் வெளியானது. டிவியின் பின்னால் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

இரண்டுக்கும் உருவம் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பேசும் பாஷையே வேறு! வி.ஜி.ஏ. ஒயரில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறி இறங்கும் மின் அலைகளாகப் போகும். ஹெச்.டி.எம்.ஐ.யில் எல்லாமே 0, 1 என்ற எண்களாகப் போகும். அதனால் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதுதான் 'கன்வெர்ட்டர்'. உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பொருள். உள்ளே ஒரு சிப் இருக்கும்.

கடைக்குப் போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். 'ஹெச்.டி.எம்.ஐ.யில் இருந்து வி.ஜி.ஏ.வுக்கு' என்று திசையைச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரும்பாலான கன்வெர்ட்டர்கள் ஒருவழிப் பாதைதான். வி.ஜி.ஏ.வில் இருந்து ஹெச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவதை வாங்கி வந்தால் நமக்கு ஒரு படமும் வராது!

இன்னொன்று. ஹெச்.டி.எம்.ஐ. படத்தோடு ஒலியையும் கொண்டுபோகும். வி.ஜி.ஏ.வுக்குப் படம் மட்டும்தான் தெரியும்.

அப்பா கடைக்குப் போய் வாங்கி வந்தார். மாட்டினோம். பழைய மானிட்டர் கண் விழித்தது!

இரட்டைப் பிறவியா? அண்ணன் - தம்பியா?

"ஐயோ மாமா, இதுல தெரியறதுதானே அதுலயும் தெரியுது! எனக்கு என்ன லாபம்?" என்றாள் அக்கா.

சரியான கேள்வி. இரண்டு மானிட்டரைப் பயன்படுத்த இரண்டு முக்கியமான வழிகள் இருக்கின்றன.

ஒன்று, 'டூப்ளிகேட்'. இரட்டைப் பிறவிபோல இரண்டிலும் ஒரே படம். ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்க்க வேண்டும் என்றால் இது நல்லது. வகுப்பில் ஆசிரியர் லேப்டாப்பில் இருக்கும் படத்தை அப்படியே சுவரில் காட்டுகிறாரே, அந்த புரொஜெக்டரும் கம்ப்யூட்டருக்கு இன்னொரு திரைதான்!

இரண்டாவது, 'எக்ஸ்டெண்ட்'. அதாவது நீட்டிப்பது. ஒரு மேஜையோடு இன்னொரு மேஜையை ஒட்டிப் போட்டால் இடம் பெரிதாகிறது அல்லவா? அதேபோல் இரண்டு திரையும் சேர்ந்து ஒரே பெரிய மேஜை ஆகிவிடும். இதில் ஒரு பக்கத்தை விரித்து வைக்கலாம், அதில் இன்னொன்றை. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி இந்தத் திரையில் இருந்து அந்தத் திரைக்கு நடந்து போகும்!

விண்டோஸ் கம்ப்யூட்டரில் இதை மாற்றுவது சுலபம். கீபோர்டில் விண்டோஸ் படம் போட்ட கீயை அழுத்திக்கொண்டு, 'பி' எழுத்தைத் தட்டுங்கள். நான்கு வழிகள் வரும். முதல் திரை மட்டும், டூப்ளிகேட், எக்ஸ்டெண்ட், இரண்டாவது திரை மட்டும். நாங்கள் எக்ஸ்டெண்டைத் தேர்ந்தெடுத்தோம்.

மவுஸ் முட்டிய சுவர்

உடனே அடுத்த புகார். "மாமா, பழைய மானிட்டர் இடது பக்கம் இருக்கு. ஆனா, மவுஸை வலது பக்கம் தள்ளினாதான் அதுக்குள்ளே போகுது!"

கம்ப்யூட்டருக்குக் கண் இல்லையே! எந்த மானிட்டரை எந்தப் பக்கம் வைத்தீர்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும். திரையில் காலி இடத்தில் மவுஸின் வலது பட்டனை அழுத்தி, 'டிஸ்பிளே செட்டிங்ஸ்' போனால் 1, 2 என்று இரண்டு கட்டங்கள் தெரியும். அவைதான் உங்கள் மானிட்டர்கள். மேஜையில் இருப்பதுபோலவே அந்தக் கட்டங்களையும் இழுத்து வைத்து, 'அப்ளை' கொடுங்கள். சரியாகிவிடும்.

தம்பி விடவில்லை. "மாமா, இங்கே ஒரு இடத்துல மட்டும் மவுஸ் அந்தப் பக்கம் போகாம முட்டிக்கிட்டு நிக்குது. சுவரு இருக்கா?"

பலே! நல்ல கண்டுபிடிப்பு. புது மானிட்டரில் 1,080 வரிசைகள். பழையதில் 1,024. இரண்டின் மேல் ஓரத்தையும் சமமாக வைத்தால், கீழே 56 வரிசைகளுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் மவுஸ் போய் நின்றால் முட்டத்தான் செய்யும். கொஞ்சம் மேலே தூக்கினால் போய்விடும்.

29 ஓவர்கள்!

இப்போது இடது திரையில் ஆங்கிலப் பக்கம். நேர் எதிரே இருந்த புதுத் திரையில் அக்காவின் தமிழ்ப் பக்கம். மனதில் ஏந்திக்கொண்டு ஓடவே வேண்டாம். கண்ணை மட்டும் திருப்பினால் போதும். ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கத்தையும் சரிபார்த்துவிட்டாள். வியாழன், சனி மட்டுமில்லை, இன்னும் மூன்று இடங்களில் எண்கள் மாறியிருந்தன. எல்லாவற்றையும் திருத்தினாள்.

'ஆஹா, இரண்டு மானிட்டர் இருந்தால் தப்பே வராது' என்று நினைத்துவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆறு பக்கம் பாக்கி. "அக்கா, அந்த டிவியில கிரிக்கெட் போட்டுக்கறேன். நீ பாட்டுக்கு இதுல டைப் பண்ணு" என்று தம்பி வந்து உட்கார்ந்துகொண்டான். பழைய மானிட்டரில் ஆட்டம் ஆரம்பமாகிவிட்டது. அக்காவுக்கும் கிரிக்கெட் என்றால் உயிர். ஒரு கண் அங்கே, ஒரு கண் இங்கே...

இரவு எட்டு மணிக்கு அப்பா படித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'சனி கிரகம் சூரியனை ஒரு முறை சுற்றிவர சுமார் 29 ஓவர்கள் ஆகும்.'

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. கிரிக்கெட் போட்டு வைத்திருந்த நேரத்தில் எழுதிய இரண்டு பக்கங்களையும் மறுபடி உட்கார்ந்து படிக்க வேண்டியதாயிற்று. தூங்கும்போது மணி பத்து.

குட்டீஸ், இதுதான் முக்கியமான விஷயம். மானிட்டர் இரண்டு ஆகலாம், நான்குகூட ஆகலாம். நம் கவனம் ஒன்றுதான்! ஒரே வேலைக்குத் தேவையான இரண்டு விஷயங்களை இரண்டு திரையில் வைத்தால் வேலை சுலபம். வேறு வேறு இரண்டு வேலைகளை வைத்தால், கவனம் நடுவில் மாட்டிக்கொண்டு திண்டாடும். மானிட்டரை ஆன் செய்வதற்கு முன்னால் உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள்... 'அந்தத் திரையில் இருப்பது, இந்த வேலைக்கு உதவுகிறதா?' உதவினால் வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அணைத்துவிடுங்கள்.

இது எப்போது வந்தது?

இரண்டு திரை வைப்பது புதுசு இல்லை. 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலேயே எழுத்துக்கு ஒரு மானிட்டர், வண்ணப் படத்துக்கு ஒரு மானிட்டர் என்று இரண்டு கார்டு செருகி மாட்ட முடிந்தது. 1987-இல் ஆப்பிள் கொண்டுவந்த மெகின்டோஷ் 2 கம்ப்யூட்டரில் பல திரைகளைச் சேர்த்து ஒரே பெரிய திரைபோலப் பயன்படுத்தினார்கள். 1998-இல் வந்த விண்டோஸ் 98-இல் 9 மானிட்டர்கள் வரை மாட்டலாம்! ஆனால், அந்தக் காலத்தில் மானிட்டர் என்றால் பெரிய டிவிப் பெட்டி சைஸ். ஒன்றை வைத்தாலே மேஜை நிறைந்துவிடும். தட்டையான எல்.சி.டி. வந்த பிறகுதான் இரண்டு வைக்க இடம் கிடைத்தது.

இப்போது வீடியோ எடிட் செய்பவர்கள், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்க்கும் டாக்டர்கள், சாப்ட்வேர் எழுதுபவர்கள் எனப் பலரும் ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளை வைத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் வீட்டில் லேப்டாப் இருந்தால் அதிலேயே ஒரு திரை இருக்கிறது. ஹெச்.டி.எம்.ஐ. ஒயரால் டிவியை இணைத்தால் அது இரண்டாவது திரை. புதிதாக எதையும் வாங்க வேண்டிய அவசியமே இல்லை!

கண்ணும் கழுத்தும் பத்திரம்!

* அதிகம் பார்க்கும் திரை உங்களுக்கு நேர் எதிரே இருக்கட்டும். இரண்டாவது அதை ஒட்டி, உங்களைப் பார்த்துக் கொஞ்சம் திரும்பி இருக்கட்டும். நாள் முழுக்க ஒரே பக்கம் திரும்பினால் கழுத்து வலிக்கும்.

* கையை நீட்டினால் விரல் நுனி தொடும் தூரத்தில் மானிட்டர் இருக்க வேண்டும். திரையின் மேல் ஓரம் கண் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கட்டும்.

* 20 நிமிடத்துக்கு ஒரு முறை, 20 அடி தூரத்தில் உள்ள எதையாவது 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருந்தால் போதும்.

* ஒயர்களை மாட்டும்போது அப்பா, அம்மா, அண்ணன் யாராவது கூட இருக்கட்டும். பின்கள் வளைந்துவிடும், பலமாக அழுத்தாதீர்கள்.

* பரணில் இருப்பது பின்பக்கம் புடைத்த பழைய பெட்டி மானிட்டரா? அதைத் திறக்கவே கூடாது! உள்ளே 20,000 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் உண்டு. ஒயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்சம் தங்கியிருக்கலாம். அதன் கண்ணாடியில் ஈயமும் இருக்கிறது. உடைத்துக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

* வேலை முடிந்ததும் இரண்டு மானிட்டரையும் அணைக்க மறக்காதீர்கள்.

திங்கட்கிழமை என்ன ஆச்சு?

அக்கா புராஜெக்டைக் கொடுத்துவிட்டாள். டீச்சர் ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தார்களாம். ஒரு தப்புகூட இல்லை. "நீயே டைப் பண்ணினியா?" என்று கேட்டார்களாம். "ஆமா மிஸ், ரெண்டு தடவை!" என்றாளாம் இவள்.

பழைய சாமான்காரர் வந்தபோது, அப்பா செய்தித்தாள்களை மட்டும் போட்டார். மானிட்டர் மேஜையிலேயே இருக்கிறது. அதன் ஓரத்தில் அக்கா ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறாள். அதில் எழுதியிருப்பது என்ன தெரியுமா?

'29 ஓவர்கள்!'

உங்களுக்கு ஒரு கணக்கு

ஒரு மானிட்டர் 25 வாட் மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தினமும் 8 மணி நேரம் சும்மாவே எரிந்தால், ஒரு யூனிட் மின்சாரம் எத்தனை நாளில் வீணாகும்? (ஒரு யூனிட் என்பது 1,000 வாட் பொருள் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் மின்சாரம்.)

விடை: 25 × 8 = 200. 1,000-ஐ 200-ஆல் வகுத்தால் 5. ஆக, ஐந்தே நாளில் ஒரு யூனிட் போச்சு!